கிளட்ச் இல்லாத வண்டி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். அம்மாவும் உன் மனைவியும் நலமா? நீ நலமாகத்தான் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கத்திய கத்தலில் தொண்டைக்கு ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை. நானும்தான் கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. கடைசியில் அம்மா போனைப் பிடுங்கி, "இனிமே கார் பேச்சை ரெண்டு பேரும் போன்ல பேசக் கூடாது. எழுதி அனுப்புங்க. கை வலிச்சா கோபம் குறையும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குக் கை வலிக்கிறது. கோபம் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கார் எதற்கு என்று நீ மறந்துவிட்ட மாதிரி தெரிகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக நின்றே காலம் கழித்த அம்மா, ரிட்டயரான பிறகும் சும்மா உட்கார மாட்டேன் என்கிறாள். படுக்கையில் கிடக்கிறவர்களின் வீட்டுக்கே போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற வேலையை ஒரு கிளினிக் அவளுக்குக் கொடுத்திருக்கிறது. ஏப்ரலில் ஆரம்பம். சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அதற்காகத்தான் இந்த வயதில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், ஆட்டோமேட்டிக் வண்டியில் பழகி, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினாள். நீ மூன்றாவது தடவை வாங்கினாய், ஞாபகம் இருக்கட்டும்.

அவளுக்கு இடது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அந்தக் காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. நீ பார்த்த செடானில் மூன்று வேரியன்ட் இருக்கிறது. கீழ் மாடலில் ஆட்டோமேட்டிக் கிடையாது, பக்கவாட்டு ஏர்பேக்கும் கிடையாது. நடு மாடலில் இரண்டும் இருக்கிறது. டாப் மாடலில் அதற்கு மேல் இருப்பதெல்லாம் மினுமினுப்பு. கொடுக்கிற காசுக்கு மதிப்பு நடு மாடலில்தான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் தினமும் நசுங்கிய கார்களின் போட்டோ பார்க்கிறவள் சொல்கிறேன், கேள்.

அம்மாவை டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப் போ. அவளை ஓட்ட விடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாமாவும் சுகமா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உத்தரவு போடுகிறவர்களுக்கு அது வருமாம். சும்மா, கிண்டலுக்குச் சொன்னேன்.

டெஸ்ட் டிரைவ் போய் வந்துவிட்டோம். அக்கா, வண்டியா அது! ஷோரூமில் டை கட்டின ஒரு பையன், தங்கமான பையன், எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினான். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே ஒரு சமாச்சாரத்துக்காக நடு மாடலில் அநியாயத்துக்குக் கூடுதலாக வாங்குகிறார்கள். அதே விலைக்கு டாப் மாடல், கியர் வண்டி, வந்துவிடுகிறது. அதில் சன்ரூஃப் உண்டு. சீட்டுக்குள்ளிருந்து குளிர்காற்று வரும். டச் ஸ்கிரீன் நம் வீட்டு முதல் டிவியைவிடப் பெரிது. அலாய் வீல். ராத்திரியில் கதவு ஓரமெல்லாம் நீல வெளிச்சம். ஏர்பேக் உன் நடு மாடலில் எத்தனையோ இதிலும் அத்தனை. நீயே சொல், ஒரே விலைக்கு எது லாபம்? காசுக்கு மதிப்பு என்று வகுப்பெடுத்தாயே, மதிப்பு என்றால் இதுதான்.

டைல்ஸ் டீலர்களைப் பார்க்கப் போகும்போது நான் இன்னும் பைக்கில் போய் இறங்குகிறேன். போன வாரம் ஒரு டீலர், "என்ன சார், மழையில நனைஞ்சுட்டு வர்றீங்க?" என்று வாட்ச்மேன் முன்னால் கேட்டான். ஏரியா மேனேஜர் என்று கார்டு கொடுத்தால் சிரிக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

அம்மாவுக்கும் வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. "உங்க இஷ்டம்பா" என்று சொல்லிவிட்டாள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சன்ரூஃப் இருக்கிறது, நீல வெளிச்சம் இருக்கிறது, டை கட்டின தங்கமான பையன்கூட இருக்கிறான். அம்மாவின் முட்டி எங்கே? ஒரு வரி, ஒரே ஒரு வரி இல்லையே! யார் காதில் பூ சுற்றுகிறாய்?

அம்மா சன்ரூஃபைத் திறந்து எழுந்து நின்று யாருக்குக் கையசைக்கப் போகிறாள்? கட்டு மாற்றப் போகிற வீட்டில், "ஆஹா, நர்ஸம்மா வண்டியில கதவு ஓரத்துல நீல லைட்" என்று நோயாளி எழுந்து உட்காரப் போகிறாரா? அந்த ஒரே ஒரு சமாச்சாரம் இல்லாவிட்டால் மற்ற எதுவும் அவளுக்கு ஓர் ஓட்டைக் காசு பெறாது. ஓட்ட முடியாத காரில் குளிர்காற்று எதற்கு?

"உங்க இஷ்டம்" என்று அம்மா சொன்னால் பிடித்துவிட்டது என்று அர்த்தமா? அப்பா வீட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்தபோதும் அதைத்தான் சொன்னாள். அந்தப் பச்சையைப் பதினைந்து வருஷம் எப்படிப் பார்த்தாள் என்று உனக்குத் தெரியும்.

ஒரு கேள்வி கேட்கிறேன். டெஸ்ட் டிரைவில் அம்மா எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாள்?

மனைவிக்கு என் அன்பைச் சொல். உனக்குச் சொல்ல இப்போது மனமில்லை.

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன், அந்த மரியாதையை எனக்கு அம்மா கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முட்டி ஆபரேஷனுக்கு அம்மாவை அட்மிட் பண்ணியது நான். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தது நான். பிசியோதெரபிக்கு ஆட்டோ பிடித்து, படியில் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கியதும் நானும் என் மனைவியும்தான். நீ அப்போது போன் பண்ணி, "டாக்டரை நல்லா கேள்வி கேளு" என்றாய். வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியோடு வந்து இறங்குவாய். சமையலறை ஜாடிகளை இடம் மாற்றி வைப்பாய். போய்விடுவாய். ஜாடி எங்கே இருக்கிறது என்று நாங்கள் ஒரு மாதம் தேடுவோம். முட்டியைப் பற்றி எனக்கு நீ பாடம் நடத்துகிறாய்!

ஆட்டோமேட்டிக் பழுதானால் செலவு எக்கச்சக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மைலேஜும் குறைவு. கியர் என்ன பெரிய கம்பசூத்திரமா? பழகினால் தானாக வரும். இந்த வண்டியில் கிளட்ச் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. நானே அழுத்திப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை புக் பண்ணியாகிவிட்டது. டாப் மாடல், வெள்ளை. அம்மாவே கையெழுத்துப் போட்டாள். இனிமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

நலம், நலம், நலம்.

எந்த சீட்?

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம், உன் நலமறிய ஆவல்.

உன் மகன் என் கேள்விக்குப் பதில் எழுதாமல் மழுப்பிக்கொண்டிருக்கிறான். அதனால் உனக்கே எழுதுகிறேன். நான் சொல்வதை அப்படியே செய். நாளைக்கே ஷோரூமுக்குப் போ. தனியாகப் போ, அவனைக் கூட்டிப் போகாதே. மேனேஜரைப் பார். டை கட்டின பையனிடம் பேசாதே, அவன் பேச்சில் மயக்கிவிடுவான். புக்கிங்கை மாற்றச் சொல். நடு மாடல், ஆட்டோமேட்டிக். முடியாது என்று சொன்னால் என் நம்பரைக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளை நிறம் வேண்டாம், அழுக்கு தெரியும், சாம்பல் நிறம் எடு. "உங்க இஷ்டம்" என்று யாரிடமும் சொல்லாதே. கிளினிக்கில் ஏப்ரலில் வண்டி வந்துவிடும் என்று இப்போதே சொல்லி வை. முட்டிப் பயிற்சியை விடாதே. மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடு.

முடித்ததும் எனக்கு எழுது.

உன் மகள்


மார்ச் 19

அன்பு மகளுக்கு,

ஆசீர்வாதம். இங்கு யாவரும் நலம். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா? வெந்நீர் குடிக்கச் சொல்.

உன் கடிதம் வந்தது. கிளினிக்கிலிருந்து வண்டி நம்பர் கேட்டிருந்தார்கள். வந்ததும் சொல்கிறேன் என்றேன்.

இரண்டு பேரும் சண்டை போடாமல் இருங்கள்.

அம்மா


ஏப்ரல் 17

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

வண்டி வந்துவிட்டது. போட்டோ இணைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு டயரை உதைத்தார். வயிற்றெரிச்சல்.

நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலியான கிரவுண்டுக்குக் கூட்டிப் போனேன். நாலைந்து தடவை வண்டி ஆஃப் ஆனது. யாருக்குத்தான் முதலில் ஆகாது? "அம்மா, மெதுவா விடும்மா, மெதுவா" என்று நான் சொல்லச் சொல்ல அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அப்புறம், "போதும்டா" என்று இறங்கிவிட்டாள். மறுநாள் முட்டி கொஞ்சம் வீங்கியிருந்தது. ஐஸ் வைத்தோம், சரியாகிவிட்டது. அவளுக்குக் கொஞ்சம் பயம், அவ்வளவுதான்.

வண்டியைச் சும்மா நிறுத்தினால் பேட்டரி போய்விடும் என்பதால் இப்போதைக்கு நான் ஆபீசுக்கு எடுத்துப் போகிறேன். கிளினிக்கில் வேறு ஒரு நர்ஸைப் போட்டுவிட்டார்களாம். யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுக்குத்தான். இந்த வயதில் வீடு வீடாக எதற்கு அலைச்சல்? வீட்டில் இருக்கட்டும். வெளியே போகணும் என்றால் நான் கூட்டிப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின் சீட்டில் ராணி மாதிரி உட்கார்ந்து வருகிறாள்.

கோபப்படாதே.

தம்பி


ஏப்ரல் 23

டேய்,

சுகம் விசாரிக்கவில்லை. அடுத்த கடிதத்தில் சேர்த்து விசாரித்துக்கொள்கிறேன்.

"அதுவும் நல்லதுக்குத்தான்" என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா? அவள் வேலை போய்விட்டது. அதைப் பேட்டரிக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் வயிற்றெரிச்சலுக்கும் நடுவில் செருகி எழுதியிருக்கிறாய், கரன்ட் பில் கட்டியாச்சு என்பதுபோல. அவள் ரிட்டயர்மென்ட் பணம், அவள் பெயரில் வண்டி, அவள் லைசென்ஸ். ஓட்டுவது நீ. அவள் பின்னால் ராணி! நெஞ்சில் கை வைத்துச் சொல், அந்த டாப் மாடலை நீ யாருக்காகத் தேர்ந்தெடுத்தாய்? டீலர் வாசலில் இறங்குவதற்கு உனக்கு ஒரு கார் வேண்டும் என்றால் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். நானும் என்னால் ஆனதைச் செய்திருப்பேன். அம்மாவின் காலை மிதித்துக்கொண்டு ஏன் ஏறினாய்?

டெஸ்ட் டிரைவில் அவள் எந்த சீட்டில் இருந்தாள் என்பது எனக்கு இப்போது தெரியும். நீ பதில் எழுத வேண்டாம்.

மே மாதம் லீவு போட்டு வருகிறேன். அந்த வண்டியைத் திருப்பிக் கொடுக்க வைத்து, அவளுக்கு எது சரியோ அதை நானே எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். உன் மனைவியிடம் சொல், ஜாடிகளையும் இடம் மாற்றி வைப்பேன்.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

நீ நன்றாகத்தான் இருப்பாய். நினைத்தது நடந்துவிட்டதே.

நேற்றுக் காலை குளித்து, டை கட்டிக்கொண்டு, மாதாந்திர மீட்டிங்குக்குக் கிளம்பி வெளியே வந்தால் வாசலில் வண்டி இல்லை. திருடு போய்விட்டது என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "உங்கம்மாதான் யாரையோ வரவழைச்சு எடுத்துட்டுப் போனாங்க" என்கிறார். உள்ளே ஓடினால் என் மனைவி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே, "அத்தை ஷோரூம் போயிருக்காங்க. நீங்க பைக்கில போயிடுங்க" என்கிறாள். ஒரு வாரமாக அவளுக்குத் தெரியுமாம்! என் வீட்டில், என் காதுக்கு மட்டும் விஷயம் வராமல் இருந்திருக்கிறது. பைக்கை இத்தனை நாள் தொடவில்லை. ஸ்டார்ட் ஆகவில்லை. டையோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன்.

நீதானே தூண்டிவிட்டாய்? தனியாகப் போ, மேனேஜரைப் பார் என்று நீ எழுதிய கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் பார்த்தேன். அங்கிருந்துகொண்டு வீட்டில் நெருப்பு வைக்கிறாய். புது வண்டியை ஒரே மாதத்தில் திருப்பினால் எவ்வளவு நஷ்டம் என்று யோசித்தாயா? காசுக்கு மதிப்பு என்று நீதான் ஆரம்பித்தாய்!

சாயங்காலம் அம்மா வந்தாள். கேட்டேன். "எழுதி அனுப்புறேன்" என்றாள். ஒரே வீட்டில் இருக்கிறவனுக்கு எழுதி அனுப்புவாளாம்!

தம்பி


மே 9

அன்பு மகளுக்கும், மகனுக்கும்,

இருவருக்கும் ஆசீர்வாதம். என் உடம்பு நலம். இதே கடிதத்தை இரண்டு தடவை எழுதி, ஒன்றைத் தபாலில் போடுகிறேன், ஒன்றை மாடி அறைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். ஒருவரிடம் ஒரு மாதிரி சொன்னாள் என்று பிறகு பேச்சு வரக் கூடாது. கை வலித்தால் கோபம் குறையும் என்று நான்தான் சொன்னேன். இரண்டாவது தடவை எழுதும்போது இன்னும் கூடுகிறது.

முதலில் மகன். டெஸ்ட் டிரைவில் நான் பின் சீட்டில் இருந்தேன், மடியில் உன் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு. அந்தப் பையன், "ஓட்டப்போறது யாரு சார்?" என்று கேட்டான். நீ, "நான்தான்" என்றாய். யோசிக்கக்கூட இல்லை. என் கைப்பையில் லைசென்ஸ் இருந்தது, எடுத்துக் காட்டலாம் என்று கொண்டு வந்திருந்தேன். நீ எனக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் படுத்தது உண்மை. அதை நான் மறக்கவில்லை. அதனால்தான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையை உடைக்கலாம் போல இருந்தது. கிரவுண்டில் எனக்கு இருந்தது பயம் இல்லையடா, வலி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உனக்கு அது தெரியவில்லை. கிளினிக்கில் என் இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டோம் என்று போன் வந்த அன்று நீ, "விடும்மா, ரெஸ்ட் எடு" என்றாய். அன்று ராத்திரி உன்னோடு உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டேன்.

இப்போது மகள். சிரிக்காதே, உனக்கும் இருக்கிறது. நீ எனக்கு எழுதிய கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்த்தேன். போ, பார், சொல், எடு, சொல்லாதே, விடாதே. ஒரு கேள்வி இல்லை. நலமறிய ஆவல் என்றாய், பிறகு அறிந்துகொள்ளவே இல்லை. உன் தம்பி என்னைக் கேட்காமல் வெள்ளை எடுத்தான். நீ என்னைக் கேட்காமல் சாம்பல் எடுக்கிறாய். எனக்காகச் சண்டை போடுகிறேன் என்று மூன்று மாதம் அவனிடம் சண்டை போட்டாய். என்னிடம் பேசியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். லீவு போட்டு வந்து நீயே எடுத்துக் கொடுப்பாயாமே! இவன் மேஜையில் போட்டுவிட்டுப் போன உன் கடிதத்தில் அதைப் படித்த அன்றைக்குத்தான் முடிவு பண்ணினேன், நீ வருவதற்குள் நானே போய்விட வேண்டும் என்று. நீ தூண்டிவிட்டதாக இவன் நினைக்கிறான். ஒரு விதத்தில் உண்மைதான்.

ஷோரூமில் அந்தப் பையனிடமே போனேன். "மூணு மாடலையும் வரிசையா நிறுத்துப்பா" என்றேன். கட்டுப்போடும் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். ஒரு நாளைக்குப் பல வீடு ஏறி இறங்கப் போகிறவளுக்கு அதுதானே முக்கியம்? கீழ் மாடலில் டிரைவர் சீட் பள்ளத்தில் இருக்கிறது, எழுந்திருக்கும்போது முட்டி உயிரை வாங்குகிறது. நடு மாடலில் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கிறது, இழுத்தால் சீட் உயரும். உங்கள் இரண்டு பேர் சண்டையிலும் சன்ரூஃப் வந்தது, ஏர்பேக் வந்தது, இந்த லீவர் வரவே இல்லை. உங்கள் யாருக்கும் முட்டி வலி இல்லை, தெரிய நியாயமும் இல்லை. டாப் மாடலிலும் அது இருக்கிறது, ஆனால் அதில் ஆட்டோமேட்டிக் எடுக்க நான் இன்னொரு தடவை ரிட்டயராக வேண்டும். பையன் பொறுமையாகத்தான் நின்றான். கடைசியில், "அம்மா, அன்னைக்கே நீங்க முன்னாடி உட்கார்ந்திருக்கலாமே" என்றான். 

நடு மாடல், ஆட்டோமேட்டிக் எடுத்திருக்கிறேன், நேற்று நானே ஓட்டி வந்தேன். சிவப்பு. நஷ்டம்தான், எவ்வளவு என்று யாரும் கேட்கக் கூடாது. அது நான் வாய் மூடி இருந்ததற்குக் கொடுத்த விலை, என் பணத்தில் கொடுத்தேன். திரும்பி வரும் வழியில் கிளினிக்கில் இறங்கினேன். பழைய இடம் போனது போனதுதான். ஊருக்கு வெளியே இருக்கிற வீடுகளுக்குப் போக யாரும் சம்மதிக்கவில்லையாம், தூரம். நான் போகிறேன் என்றேன். திங்கட்கிழமை ஆரம்பம்.

மகளே, சொன்னபடி இந்த மாதமே வா. லீவை வீணாக்காதே. ஸ்டேஷனுக்கு நானே வந்து உன்னைக் கூட்டிப் போகிறேன். வரும் வழியில் பிரேக், பிரேக் என்று கத்தினால் இறக்கிவிட்டுவிடுவேன். மகனே, உன் பைக்கைச் சர்வீசுக்குக் கொடு.

வண்டிக்கு இரண்டு சாவி கொடுத்தார்கள். ஒன்றை எனக்குக் கொடு என்று நீ கேட்பதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். இரண்டும் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
அம்மா